‘எமினென்ஸ்’: உங்கள் வரியில் அது மேடு

‘பீரங்கிகளை ஆன் அன் எமினென்ஸ் நிறுத்தினார்கள்’ என்ற வரியில் வரும் ‘எமினென்ஸ்’ (eminence) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘புகழ்’ என்று தமிழில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே புகழுக்கு வேலையில்லை. ‘மேட்டின் மேல் நிறுத்தினார்கள்’ என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

அகராதியில் புகழ் முதலில் வருவதால் குழம்பியிருப்பீர்கள். பழைய போர்க் குறிப்புகளில் மேடு என்ற பொருள் சகஜம்.

அந்த இடத்தில் ‘ஹில்’ போட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் மேடுதான்.

‘எ டாக்டர் ஆஃப் கிரேட் எமினென்ஸ்’ என்று வந்தால் வேறு. அதையும் வெறும் ‘பிரபலம்’ ஆக்கிவிடாதீர்கள். நடிகருக்கு ‘ஃபேம்’ போதும், இது துறைக்குள் சம்பாதித்த மதிப்பு. ‘டிஸ்டிங்ஷன்’ இதற்கு நெருக்கம். மேடு என்ற பொருளுக்கு ‘ரைஸ்’ (rise) நெருக்கம். ‘பிராமினென்ஸ்’ இரண்டு பொருளுக்கும் ஓடும்.

அப்புறம், ‘ஹிஸ் எமினென்ஸ்’ கண்ணில் பட்டால் இந்த ‘ஹில்’ சோதனை உதவாது. அது 1630 முதல் கத்தோலிக்கக் கர்தினால்களுக்குரிய பட்டம்.