ஐந்து தரம் தொடங்கிய கொப்பி

அன்புள்ள அக்கா,

நான் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அம்மா உப்புவெளியில் பிறந்தவர். வருகிற ஆவணியில் எங்கள் மாணவர் குழுவில் பத்துப்பேர் திருகோணமலைக்கு வந்து, ஒரு சிறுவர் இல்லத்தில் மூன்று கிழமை தொண்டு செய்யப்போகிறோம். ஆங்கிலம் படிப்பிப்போம், சேர்ந்து விளையாடுவோம். பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவரலாம்?

ரொறன்ரோவிலிருந்து ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவின் ஊருக்கு வர நினைத்ததே எனக்குச் சந்தோசம். கட்டாயம் வாருங்கள். ஆனால் அந்த இல்லத்துக்குப் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன். கோபிக்காமல் கேளுங்கள்.

2004 மார்கழி 26இல் கடல் வந்து போனபிறகு, நிலாவெளிப் பக்கம் ஓர் இல்லத்தில் பின்னேரங்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். வெளிநாட்டு மாணவர்கள் குழுக்குழுவாக வந்தார்கள். நல்ல பிள்ளைகள். போகும்போது அழுதுகொண்டுதான் போவார்கள். ஒருநாள் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தியின் ஆங்கிலக் கொப்பியைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் ‘மை நேம் இஸ்’. அடுத்தது நிறங்கள். அதற்கடுத்தது மிருகங்கள். நாலாம் பக்கத்தில் வேறொருவரின் கையெழுத்தில் மறுபடியும் ‘மை நேம் இஸ்’. பிறகு நிறங்கள். இப்படி ஐந்து தரம். அந்த ஒரு வசனத்தை அவள் வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரிச் சொல்வாள். அதற்கு அடுத்த வசனம் அவளுக்குத் தெரியாது.

முதல் குழு போன இரவு அவள் சாப்பிடவில்லை. கடைசிக் குழு வந்த அன்று வாசலிலேயே நின்று, "அக்கா, நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டாள். பேர் கேட்கவில்லை. போகும் நாளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பக்கத்தில் போய் இருந்தாள். பத்து வயதில் ஒரு பிள்ளை இதைப் பழகியிருக்கக்கூடாது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவளுக்குத் தாய் இருந்தார். பிள்ளையைப் படிப்பிக்க வழியில்லாமல் இல்லத்தில் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனவர். இது அவளுடைய கதை மட்டுமல்ல. உலகம் முழுவதும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் என்ற சிறுவர் நல அமைப்பு 2009இல் எழுதியது. பெரும்பாலும் வறுமைதான் பிரிக்கிறது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 வீதம் கூடியது. சுற்றுலாப் பயணிகளும் தொண்டர்களும் கொண்டுவந்த காசு அதற்கு ஒரு முக்கிய காரணம். பார்க்க ஆள் வந்தால் காட்டப் பிள்ளைகள் வேண்டும், தங்கச்சி. 2019இல் ஐ.நா. பொதுச்சபையே இந்த வகைத் தொண்டுச் சுற்றுலாவால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் கனடாவில் பொலிஸ் சோதனை இல்லாமல் உங்களை இப்படிப்பட்ட பிள்ளைகளோடு பழக விடுவார்களா? அந்தப் பிள்ளைகளைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட விடுவார்களா? கிண்ணியாப் பிள்ளைக்கும் மூதூர்ப் பிள்ளைக்கும் அதே காவல் வேண்டாமா?

என்ன கொண்டுவரலாம் என்று கேட்டீர்கள். நேரத்தைக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளுக்கல்ல, இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் ஆங்கிலம் படிப்பிக்கும் இளம் ஆசிரியைகள் இருக்கிறார்கள். படிப்பிக்கத் தெரியும், பேசத்தான் கூச்சம். மூன்று கிழமை அவர்களோடு இருந்து பேசுங்கள். திரும்பிப் போனபிறகும் கிழமைக்கு ஒருநாள் சூமில் ஒரு வருடம் தொடருங்கள். இடையில் விடக்கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை. பத்துப்பேர் சேர்க்கும் காசில் மிச்சம் வந்தால், பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கப் பாடுபடும் தாய்மாரின் பஸ் காசுக்கும் கொப்பிக்கும் போகட்டும். அப்படிப்பட்ட குடும்பங்களை, சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் அரசாங்க நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்குத் தெரியும். அவர்கள் வழியாகவே கொடுங்கள்.

ஆவணியில் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று எழுதுங்கள், முதலில் அங்கேயே போய் ஆசிரியைகளோடு கதைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா