பத்து மணிக்கு மேல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் திருமங்கலத்துக்காரன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கலைக்கென்று நம் நாட்டில் சங்கீத நாடக அகாதமி, சாகித்திய அகாதமி, லலித் கலா அகாதமி, மண்டலப் பண்பாட்டு மையங்கள் என்று பல இருந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, தேர்தல் ஆணையம்போல அதிகாரமுள்ள தேசியக் கலை பண்பாட்டு ஆணையம் அமைத்தால் என்ன? சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த மதுரையிலேயே தலைமையகம் வைக்கலாம். நான்கு பக்கத் திட்டம் ஒன்றை இணைத்திருக்கிறேன். அமைச்சகத்துக்கு அனுப்பலாமா? என் அப்பா முப்பது வருடம் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் இறந்தபோது எந்த அரசுப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சார்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் ஊரிலிருந்து போன் வந்தது. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். பங்குனித் திருவிழாவுக்கு நாடகம் பேசியிருக்கிறார்கள், போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி தராமல் இழுத்தடிக்கிறார்கள், உனக்குத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். அந்த போன் மட்டும் வராமல் இருந்தால் உங்கள் நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். இதை மறைப்பானேன்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தலைமையகம் மதுரையிலா டெல்லியிலா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. விருதுத் தொகையை இரட்டிப்பாக்கச் சொல்கிறீர்கள். செய்யட்டும், வாங்குகிறவர் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவாவது தீரும். சினிமாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அரைப் பக்கம் யோசித்திருக்கிறீர்கள். சேர்க்காவிட்டாலும் அது முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அகாதமிகளை ஆராய கோஸ்லா குழு, ஹக்சர் குழு என்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து அறிக்கை கொடுத்தாயிற்று. ஹக்சர் குழு அறிக்கை வந்தது 1990இல். உங்கள் திட்டமும் அதே அலமாரிக்குத்தான் போகும்.

ஆனால் 'சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த' என்று எழுதினீர்களே, அதற்குக் கோபப்படாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் ஆசிரியர். சங்கத்தின் கதையைச் சொல்லும் பழைய நூலான இறையனார் களவியல் உரையைப் பிரித்துப் பாருங்கள். வரலாறா கதையா என்பது கிடக்கட்டும். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருடப் பஞ்சம் வருகிறது. அரசன் புலவர்களைக் கூப்பிட்டு, உங்களுக்குச் சோறு போட என்னால் முடியவில்லை, எங்காவது போய்ப் பிழையுங்கள், நாடு தேறியபிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். மழை பெய்தபிறகு நாலாபக்கமும் ஆள் விடுகிறான். எழுத்து தெரிந்தவர்கள் வருகிறார்கள். சொல் தெரிந்தவர்கள், யாப்பு தெரிந்தவர்கள் வருகிறார்கள். பொருளதிகாரம் தெரிந்த ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அரசன் இடிந்துபோகிறான். கடைசியில் ஆலவாய்ச் சொக்கரே 60 சூத்திரம் செய்து பீடத்தின் கீழே போடவேண்டியதாகிறது. அரசன் கையை நம்பி நடந்த அமைப்பைப் பற்றி நம் ஆட்களே சொல்லிவைத்த கதை இது. மேடையில் பேசும் யாரும் இந்தப் பகுதிக்குள் போவதில்லை.

சரி, டெல்லிக்கு வருவோம். சங்கீத நாடக அகாதமியை 1953 ஜனவரி 28 அன்று ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். முதல் தலைவர் யார் தெரியுமா? பி.வி. ராஜமன்னார். அப்போது சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, தெலுங்கில் நாடகம் எழுதியவரும்கூட. மறு வருடம் மற்ற இரண்டு அகாதமிகளும் வந்தன. அதே 1954இல் சென்னை மாநிலத்தில் இன்னொன்றும் வந்தது, நாடக நிகழ்ச்சிகள் சட்டம். ஆட்சேபகரமான நாடகம் என்று பட்டால் தடுக்கலாம், கதை வசனத்தைக் கொண்டுவா என்று கேட்கலாம். எம்.ஆர். ராதாவை மனதில் வைத்துப் போட்டதாகத்தான் பேச்சு. அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2013இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 59 வருடம். ராஜமன்னாரைக் குறை சொல்லவில்லை, அந்தச் சட்டம் அவர் போட்டதல்ல. நாடகத்துக்கு டெல்லியில் நாற்காலி போட்ட காலத்திலேயே இங்கே அதற்குப் பூட்டும் செய்துகொண்டிருந்தார்கள் என்கிறேன்.

அந்தப் பூட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1986, கல்லூரியில் இரண்டாம் வருடம். ஊரில் தலைக்கட்டு வரி பிரித்து வள்ளி திருமணம் பேசிவிட்டார்கள். வெற்றிலை பாக்கு மாற்றி அட்வான்சும் கொடுத்தாயிற்று. மனுவோடு என் பெரியப்பாவும் ஊர்த் தலைவரான அம்பலமும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். படித்த பையன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதிகாரி நாடக நோட்டீஸைக் கையில் வாங்கினார். ரோஸ் காகிதம். கிரீடம் வைத்த ராஜபார்ட் படத்தில் மை அப்பி மூக்கே தெரியவில்லை.

"கதை வசனம் எங்கே?" என்றார்.

"வள்ளிய முருகன் கட்டுறாரு. அதுதாங்கய்யா கதை" என்றார் அம்பலம்.

"வசனம்?"

"அது அவுக வாயில வரும்ங்கய்யா."

"ஒத்திகை எங்க பாக்கிறாங்க?"

"வள்ளியா வர்றவுக புதுக்கோட்டை, முருகன் திண்டுக்கல். மேடையிலதான் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிருவாக."

அவர் நம்பவில்லை. ஸ்பெஷல் நாடகமே அப்படித்தான் என்பது உங்கள் அப்பாவின் பிள்ளைக்குத் தெரியும். ஆளுக்கொரு ஊரிலிருந்து தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். பாட்டும் கதையும் எல்லோருக்கும் பாடம். மற்றதெல்லாம் அந்த ராத்திரிக்கு அந்த ராத்திரி. ஆனால் எழுத்தில் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து, சின்ன வயதிலிருந்து கேட்டதையும் கேட்காததையும் சேர்த்து, 40 பக்க நோட்டு ஒன்றில் வள்ளி திருமணத்துக்கு வசனம் எழுதினேன். நாரதருக்கு என் தமிழ்ப் பேராசிரியரின் நடை. பபூனுக்கு ஒன்றும் வரவில்லை, 'நகைச்சுவை' என்று எழுதிப் பக்கத்தில் கோடு போட்டு விட்டுவிட்டேன். மறுநாள் அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி சீல் வைத்தார். நான் எழுதி அரசு அங்கீகாரம் பெற்றது இதுவரை அது ஒன்றுதான்.

நாடகத்தில் அதிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் ஆரம்பித்தபோது மூன்று மணி இருக்கும். வள்ளியாக வந்த அம்மா விடவில்லை. முருகனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் தடுமாறுகிற இடத்திலெல்லாம் ஆர்மோனியக்காரர் அடியை எடுத்துக்கொடுத்துப் பின்பாட்டுப் பாடி ஏந்திக்கொண்டார். வழுக்கைத் தலை, கழுத்தில் பச்சைத் துண்டு. விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு நின்றார்கள். வள்ளியின் காதோரத்தில் பவுடர் போகவில்லை. ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தபடியே தூங்கினார். உங்கள் அப்பாவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். எங்கள் ஸ்டேஷனுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இதைத்தான் உங்கள் திட்டத்தில் தேடினேன், இல்லை. நாடகம் அரசியல் சாசனத்தில் மாநிலப் பட்டியலில் 33ஆவது இனம். போலீஸ் அதே பட்டியலில் இரண்டாவது. தேர்தல் ஆணையம் மாதிரி அதிகாரம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எங்கிருந்து வரும்? உங்கள் ஆணையத்தின் தலைவர் அரசாங்கக் காரில் வந்தாலும், எங்கள் ஊர் ஸ்டேஷனில் பெரியப்பா நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். இப்போது கதை வசனம் கேட்பதில்லை, நேரம் கேட்கிறார்கள். 2000இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு நினைத்தால் வருடத்தில் 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தலாம். விதி நல்லதுதான், பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் கேட்டால் தெரியும். ஆனால் நம் நாடகம் தொடங்குவதே பத்து மணிக்கு. பன்னிரண்டுக்கு பபூனும் டான்ஸும் முடிந்திருந்தால் பெரிது, வள்ளி தினைப்புனத்துக்கே வந்திருக்க மாட்டாள். 2004இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தபிறகு, ஆடல் பாடலுக்கும் நாடகத்துக்கும் அனுமதி கேட்டு அங்கே மனுப்போடுவது பந்தல்கால் ஊன்றுகிற மாதிரி திருவிழா வேலைகளில் ஒன்றாகிவிட்டது. வக்கீல் ஃபீஸுக்கும் சேர்த்து வரி பிரிக்கிறார்கள். அந்தப் பணத்தில் இன்னொரு மிருதங்கம் பேசியிருக்கலாம்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அடுத்த நான்கு வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போட்ட பாதையில்தான் இன்றுவரை ஒரு கூட்டம் மாசி பிறந்தால் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஊர் கூப்பிடுகிறது, இவர்கள் போகிறார்கள். இடையில் யாரும் மறிக்காமல் இருக்க மாவட்டத்துக்கு ஒரு ஆள் போடச் சொல்லுங்கள். விருது கொடுக்க வேண்டாம், மாலை போட வேண்டாம். ஊர்க்காரனோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, 'இது நாடகம் சார், விடியவிடியத்தான் நடக்கும்' என்று சொல்ல ஒரு அரசாங்க ஆள். அவருக்கு மாதச் சம்பளம் போடுவதானால் உங்கள் ஆணையத்துக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்பாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். பழைய நாடக நோட்டீஸ்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஆர்மோனியம் என்று எழுதி எதிரே அவர் பெயர் இருக்கும். அப்புறம், அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது? அவர் எத்தனை கட்டைக்கு வாசித்தார்?

அமைச்சகத்துக்கு அனுப்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள். ஆனால் உங்கள் மனு நடை நன்றாக இருக்கிறது, வரிசை எண், பொருள், பார்வை எல்லாம் கச்சிதம். எங்கள் ஊரில் எழுதியதை ஸ்டேஷனில் இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா?