பழனி மலையில் கிராவல் சைக்கிள்: கேட்டவையும் என் பதில்களும்

கிராவல் சைக்கிள் என்பது தார், ஜல்லி, மண்சாலை எல்லாவற்றிலும் ஓட்ட அகலமான டயரோடு வரும் சைக்கிள். கொடைக்கானலும், அதற்குக் கிழக்கே தாழ்ந்து போகும் கீழ்ப்பழனி மலையும்தான் நான் அதை ஓட்டிப் பழகிய இடங்கள். அவற்றைப் பற்றிக் கேளுங்கள். ஊட்டி, வால்பாறை பற்றி அங்கேயே ஓட்டுபவர்களிடம் கேட்பது நல்லது.

கே (மதுரை): முதல்முறையாகக் கிராவல் சைக்கிளில் மலைக்கு வருகிறேன். இரண்டு நாள் இருக்கிறது. எந்த வழி?

கீழ்ப்பழனிக்குப் போங்கள். கொடைக்கானல் ஊரை இந்தமுறை விட்டுவிடுங்கள்.

வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் மலை ஏற்றம் தொடங்கும். நன்றாக விடிந்தபின் ஏறுங்கள். பஸ், லாரி, சுற்றுலா வேன் எல்லாம் வரும் தார்ச்சாலை இது, கிராவல் டயருக்கு இங்கே வேலை இல்லை. ஊத்து வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே பண்ணைக்காடு, தாண்டிக்குடி போகும் சாலை பிரியும். பிரிந்ததும் உலகமே மாறிவிடும். மர நிழலில் காபி, மரங்களில் படர்ந்த மிளகுக்கொடி, இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும். வண்டிகளும் குறைந்துவிடும். முதல் நாள் தாண்டிக்குடியோடு நிறுத்துங்கள். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் அது. மாலையில் முருகன் கோயிலுக்கு ஏறிப் பாருங்கள்.

மறுநாள் மங்களம்கொம்பு, கே.சி.பட்டி, பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரம் பக்கம் இறங்கலாம். சாலை ஒரு வண்டி மட்டும் போகும் குறுகிய தார்தான், ஆனால் பல இடங்களில் தார் பெயர்ந்து ஜல்லி தெரியும். மழைக்குப் பிறகு மேட்டிலிருந்து வழிந்த செம்மண் வளைவுகளில் படிந்து கிடக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் வருவதுபோல நூறு கிலோமீட்டர் தொடர்ச்சியான மண்சாலையை இங்கே தேடாதீர்கள். உடைந்த தார், ஜல்லி, எஸ்டேட் மண்சாலை மூன்றும் மாறி மாறி வருவதுதான் இந்த மலையின் கிராவல். எனக்கு அதுதான் பிடிக்கும்.

எஸ்டேட் சாலை தனியார் நிலம். கேட் திறந்திருந்தாலும் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை காபி பறிப்பு நடக்கும். அப்போது குறுகலான சாலையில் எதிரே ஜீப் வந்துகொண்டே இருக்கும்.

பாச்சலூர் பக்கம் யானை உண்டு. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் அந்தப் பகுதியில் சைக்கிளில் இருக்காதீர்கள். வழியில் டீக்கடையில் விசாரியுங்கள். எந்த ஆப்பிலும் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும்.

கே (பெங்களூர்): டயர் 38 மி.மீ. போதுமா?

தாண்டிக்குடி வழிக்கு ஓட்டிவிடலாம், ஆனால் கை வலிக்கும். 45 போட இடம் இருந்தால் 45 போடுங்கள், டியூப்லெஸ்ஸாக. எழுபது கிலோ எடை என்றால் காற்றழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ. அருகில் தொடங்கி, சாலையைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். டயரைவிட முக்கியம் கியர். பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினால் சுமார் 1,800 மீட்டர் ஏற்றம்.

கே (திருச்சி): கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன், மூணாறு போகும் பழைய 'எஸ்கேப் ரோடு' முழுக்க மண்சாலை என்கிறார்கள். போகலாமா?

முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஜப்பான் படை வந்தால் தப்பிக்க வைத்திருந்த வழி என்று சொல்லப்படும் சாலை அது. இப்போது போக்குவரத்துக்கு மூடிவிட்டார்கள். நம் பக்கம் 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பேரிஜம் ஏரி வரை போகவே வனத்துறையிடம் அனுமதி வாங்கவேண்டும். யானை வந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள். அந்த ஏரித்தண்ணீரைத்தான் பெரியகுளம் குடிக்கிறது.

கே (சென்னை): மேல்மலைப் பக்கம் ஏதாவது?

கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் கைகாட்டி, கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. போன வழியே திரும்பவேண்டும். கிளாவரைக்கு அப்பால் காடு, அங்கே நின்றுவிடுங்கள். பூம்பாறைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். மேலிருந்து பார்த்தால் படிப்படியாகப் பூண்டு வயல். அந்த மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை உறைபனி இருக்கும், கைக்கு முழு கையுறை வேண்டும்.

கே (சேலம்): டாப் ஸ்டேஷனுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனால்?

அதுவும் நுழைவதுதான். மேலே சொல்லிவிட்டேன்.

கே (கோவை): சார், ஒன்று புரியவில்லை. பைக், ஜீப் புகை விடும், சத்தம் போடும். சைக்கிளில் சத்தமே இல்லை. காட்டுக்குள் சைக்கிளை மட்டுமாவது விடலாமே?

இதை ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சத்தம் இல்லாததுதான் இங்கே சிக்கல்.

கொடைக்கானல் மலையில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது காட்டுமாடு. ஆண் மாடு ஆயிரம் கிலோ வரை வளரும். அது மோப்பத்தாலும் காதாலும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒதுங்கும் மிருகம். லாரி வருவது அதற்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரியும். நடந்து வருபவன் மெதுவாக வருவான், பேச்சுச் சத்தம் கேட்கும். நீங்களோ எதிர்க்காற்றில், மணிக்கு நாற்பது கிலோமீட்டரில், சத்தமில்லாமல் வளைவு திரும்புகிறீர்கள். அதற்கும் யோசிக்க நேரமில்லை, உங்களுக்கும் இல்லை. திடுக்கிட்ட மிருகம் ஓடும், இல்லாவிட்டால் முட்டும். கன்றோடு இருந்தால் இரண்டாவதுதான்.

2016இல் அமெரிக்காவின் மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு அருகே, மலைச்சைக்கிளில் வேகமாக வந்த ஒருவர் பார்வை மறைந்த வளைவில் கிரிஸ்லி கரடி மீதே மோதிவிட்டார். கரடி தாக்கி இறந்தார். காட்டை நன்கு அறிந்தவர்தான். வேகமும் மறைந்த வளைவும் சேர்ந்தால் அனுபவத்துக்கு அங்கே வேலை இல்லை.

கே (அதே கோவை): அப்படியானால் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகலாமா?

வேண்டாம். பாட்டு உங்கள் காதை அடைக்கும், மாடு மூச்சைச் சீறுவது கேட்காமல் போகும். வளைவுக்கு முன் மணி அடியுங்கள், கூட வருபவரிடம் பேசுங்கள், இருபதுக்கு வேகத்தைக் குறையுங்கள். இந்த மூன்றும் போதும்.

கே (ஈரோடு): அண்ணே, அந்த ஊர் மக்கள் மட்டும் காட்டுக்குள் போகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் தடை?

தம்பி, பளியர் மக்கள் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள். தேனும் கிழங்கும் அவர்கள் வாழ்க்கை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த உரிமையைத்தான் அங்கீகரிக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வருகிறோம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்கமுடியாது.

கே (ஓசூர்): தார்ச்சாலையில் வரும் கார்தான் அதிக மிருகங்களைக் கொல்கிறது. நீங்கள் சைக்கிள்காரர்களை மட்டும் பயமுறுத்துகிறீர்கள்.

கார் கொல்கிறது, உண்மை. அதற்காகக் கார்கள் போகாத காட்டுக்குள் நாமும் புகுந்தால், மிருகத்துக்கு மிச்சமிருக்கும் அமைதியான இடமும் போய்விடும். நான் மலைக்கு வராதீர்கள் என்று சொல்லவில்லை. தாண்டிக்குடி, பூம்பாறை எல்லாம் பொதுச்சாலைதான், வாழ்நாள் முழுக்க ஓட்டலாம்.

கே (கோவை, மூன்றாம் முறை): மாடு சாலையில் நின்றால் என்ன செய்ய?

நல்ல கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். தூரத்திலேயே நிறுத்தி இறங்குங்கள். சைக்கிளை உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவில் பிடியுங்கள். அது உடம்பைப் பக்கவாட்டில் காட்டி நிமிர்ந்து நின்றால் தன் பெரிய உருவத்தைக் காட்டுகிறது, அதாவது 'போ' என்கிறது. மெதுவாகப் பின்வாங்குங்கள். போட்டோ வேண்டாம். பஸ்ஸோ ஜீப்போ வந்தால் அதன் பின்னால் கடந்து செல்லுங்கள். தனியாக நிற்கும் கிழட்டு ஆண் மாட்டிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

கே (கரூர்): எந்த மாதம் வரலாம்?

டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு. 2018 நவம்பரில் கஜா புயலில் மரம் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும். அப்போது அடுப்பு, சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது. பக்கத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததை இந்த மலைப்பக்கம் யாரும் மறக்கவில்லை. மே மாதம் கூட்டம். காரில் சைக்கிளை ஏற்றி வந்தால், 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் எடுக்கவேண்டும்.

கே (நாமக்கல்): ட்ரோன்?

வேண்டாம்.

கே (புதுச்சேரி): டாப் ஸ்டேஷன்...

மூடியிருக்கிறது.

கே (மதுரை, பெண்): தனியாகத் தாண்டிக்குடி வழியில் போவது சரியாக இருக்குமா?

பகலில் போகலாம். ஊர்களுக்கு இடையே தூரம் அதிகமில்லை, பஸ்ஸும் வரும். சில வளைவுகளில் செல்போன் சிக்னல் போய்விடும், அதனால் ஒவ்வொரு ஊரிலும் நின்று வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள். தங்குமிடத்தைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். இருட்டியபின் தேடாதீர்கள்.

கே (திண்டுக்கல்): இறக்கத்தில் பிரேக் கத்துகிறது, பிடிக்கவும் இல்லை.

தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்குகிறீர்கள், அதனால் சூடாகிறது. வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். ஈரமான ஜல்லித்தூள், டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் கட்டை (பேடு) ரெசினாக இருந்தால் அதை வேகமாகத் தின்றுவிடும். மெட்டல் பேடுக்கு மாறுங்கள், உங்கள் டிஸ்க் அதற்கு ஏற்றதா என்று அதன்மேலேயே எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி பேடு பையில் இருக்கட்டும், தாண்டிக்குடியில் அது கிடைக்காது.