கேப்டன் டையட்டின் வகுப்பறை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாஸ் கலைஞர் ஜானி கிரிஃபினின் சாக்ஸபோன் பற்றிய உங்கள் குறிப்பில், அவரும் பாடகர் நாட் கிங் கோலும் சிகாகோவில் வால்டர் டையட் என்ற ஒரே பள்ளி ஆசிரியரிடம் இசை கற்றவர்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை விடவில்லை. நான் பள்ளியில் இசை ஆசிரியை, பதினோரு வருடமாக. பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு ஆசையாகப் பாடுவார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுவார்கள். ஒரு பள்ளிக்கூட பேண்டு மாஸ்டரிடமிருந்து இத்தனை இசைக்கலைஞர்கள் எப்படி வந்தார்கள்? அவர் நல்ல வயலின் கலைஞராம். தன் கலையைத் தியாகம் செய்துவிட்டுத்தானே வகுப்புக்கு வந்திருப்பார்? நான் செய்யாதது அதுதானோ என்று தோன்றுகிறது.

கே.

அன்புள்ள கே.,

தியாகம் என்ற சொல்லை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். வால்டர் டையட் எதையும் தியாகம் செய்யவில்லை. அவருக்கு வேலை தேவைப்பட்டது.

1901-ல் மிசௌரியில் பிறந்து கலிஃபோர்னியாவில் படித்தவர். டாக்டராக நினைத்தார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் சிகாகோவில் வயலின்தான் சோறு போட்டது. வென்டோம் தியேட்டரில் எர்ஸ்கின் டேட்டின் இசைக்குழுவில் வாசித்தார். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் வாசித்த குழு அது. மௌனப்படக் காலம், திரைக்கு முன்னால் உட்கார்ந்து படத்துக்கேற்ப வாசிக்க வேண்டும். 1927-ல் சினிமா பேச ஆரம்பித்தது. அடுத்த சில வருடங்களில் அமெரிக்கா முழுக்கத் தியேட்டர் இசைக்குழுக்கள் கலைந்தன. வேலை போன வெள்ளைக்கார வயலின்காரர் சிம்ஃபொனியில், அதாவது மேற்கத்திய செவ்வியல் இசைக்குழுவில், முயன்று பார்க்கலாம். கறுப்பருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. 1931-ல், பொருளாதார மந்தத்தின் நடுவில், டையட் வெண்டெல் ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1935-ல் பக்கத்திலேயே டூசாபிள் பள்ளி திறந்ததும் அங்கே போய் 1962 வரை இருந்தார். 'கேப்டன்' என்ற பட்டம் தேசியக் காவல்படையின் கறுப்பர் படைப்பிரிவில் பேண்டை நடத்தியதால் வந்தது.

அப்புறம், இடம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பர்கள் சிகாகோவில் கண்ட இடத்தில் குடியேற முடியாது, வீட்டுப் பத்திரத்திலேயே தடை எழுதி வைத்திருந்தார்கள். டாக்டரும் இறைச்சி ஆலைத் தொழிலாளியும் பிரான்ஸ்வில் என்ற அதே நெரிசலான பகுதியில்தான் இருந்தாக வேண்டும். அவர்கள் பிள்ளைகள் அதே பள்ளியில். நடந்து போகும் தூரத்தில் 47-ஆம் தெரு, அங்கே ரீகல் தியேட்டரும் நடன அரங்குகளும். ஒரு பையனுக்குத் தன் ஊரிலேயே, தன் நிறத்திலேயே, நல்ல கோட்டு போட்ட இசைக்கலைஞன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தான்.

கிரிஃபின் அப்படித்தான் இசையிடம் பிடிபட்டார். தொடக்கப் பள்ளி முடித்த விருந்தில் ஜீன் அம்மன்ஸ் டெனர் சாக்ஸ் (கனத்த குரலுள்ள சாக்ஸபோன்) வாசித்ததைப் பார்த்து, வாசித்தால் அதைத்தான் என்று முடிவு. அம்மன்ஸும் டையட்டின் மாணவர்தான். டூசாபிளுக்கு வந்து சாக்ஸ் கேட்ட பையன் கையில் டையட் கொடுத்தது கிளாரினெட்!

இது உங்களுக்குப் புரியும், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சாக்ஸில் கீழே 'ச' பிடித்து, விரலை மாற்றாமல் கட்டைவிரல் சாவியை அழுத்தினால் மேல் ஸ்தாயி 'ச' வரும். கிளாரினெட்டில் அதையே செய்தால் மேல் ஸ்தாயி 'ப' வந்து நிற்கும். ஆகவே கீழுக்கு ஒரு விரல் கணக்கு, மேலுக்கு இன்னொரு கணக்கு. சாக்ஸில் மூடியை அழுத்தினால் துளை தானாக அடைபடும். கிளாரினெட்டில் துளை விரல் நுனிக்கு அடியிலேயே இருக்கிறது, மயிரிழை இடுக்கு விட்டாலும் கீச்சிடும். கிளாரினெட் வாசித்தவன் சாக்ஸுக்கு எளிதாகப் போய்விடுவான். திரும்பி வருவது கஷ்டம். அந்தக் காலப் பெரிய பேண்டுகளில் சாக்ஸ்காரன் கிளாரினெட்டும் வாசிக்க வேண்டும். டையட் பையனின் ஆசையைத் தடுக்கவில்லை. அவனுக்குக் கிடைக்கப்போகிற வேலையை முன்கூட்டியே பார்த்தார்.

கிளாரினெட், ஓபோ என்ற இன்னொரு குழல், டெனரைவிடச் சிறிய ஆல்டோ சாக்ஸ் என்று ஒரு சுற்று வந்த கிரிஃபின், 1945-ல் பள்ளி முடித்த சில நாட்களில் லயனல் ஹாம்ப்டனின் புகழ்பெற்ற ஜாஸ் பேண்டில் சேர்ந்தார். வயது பதினேழு. டொலீடோ நகரில் ஆல்டோவுடன் மேடையேறப் போனவரை ஹாம்ப்டனின் மனைவி நிறுத்தி, உன் டெனர் எங்கே என்று கேட்டாராம். பையன் சிகாகோவுக்கு ஓடி வந்து ஒரு டெனரைத் தேடிப் பிடித்துக்கொண்டு திரும்பினான். உலகம் இப்படிக் கேட்கும் என்று தெரிந்தவர் நடத்திய வகுப்பு அது.

இன்னொரு மாணவர் ரிச்சர்ட் டேவிஸின் கதை இதற்கு எதிர்த் திசை. கூச்ச சுபாவம், பின்னால் நிற்கலாமே என்று டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்திக் கருவியைத் தேர்ந்தெடுத்த பையன். டையட் தானே எல்லாம் கற்றுத் தருகிறேன் என்று உட்காரவில்லை. பள்ளி நாட்களிலேயே சிகாகோ சிம்ஃபொனியின் பேஸ் கலைஞர் ஒருவரிடம் படிக்கத் தூண்டினார். அந்த டேவிஸ் பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்தார்.

கருவி வாங்கப் பணம்? வருடா வருடம் 'ஹை ஜிங்ஸ்' என்று மாணவர்களே ஆடிப்பாடி நடத்தும் நிகழ்ச்சி, டிக்கெட் விற்று. அந்த வசூலில்தான் கருவிகளும் சீருடையும். அதாவது பிள்ளைகள் காசு கொடுத்து வந்த கூட்டத்தின் முன்னால் வாசித்தார்கள். கைதட்டுவதற்கென்றே வந்த பெற்றோர் கூட்டத்தின் முன் வாசிப்பது வேறு, இது வேறு.

கடுமையான மனிதர். திட்டுவார், பேண்டிலிருந்து துரத்துவார். நூறு பேர் வாசிக்கும்போது எவன் தப்பு செய்தான் என்று கண்டுபிடித்துவிடுவார் என்பது பழைய மாணவர்கள் எல்லாரும் சொல்வது. இதை நான் கொண்டாட மாட்டேன். சிறுவயதில் எனக்கும் திட்டுகிற ஒரு மிருதங்க வாத்தியார் இருந்தார். இரண்டே வருடத்தில் விட்டுவிட்டேன், இன்றுவரை வருத்தமில்லை. டையட்டின் திட்டுக்குப் பின்னால் 47-ஆம் தெருவில் ஒரு வேலை காத்திருந்தது. என் வாத்தியார் திட்டுக்குப் பின்னால் அடுத்த திட்டுதான் இருந்தது.

உங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் நிற்பதற்கு நீங்கள் காரணமில்லை, கே. பள்ளி வாசலைத் தாண்டினால் அவர்கள் வாசிக்க ஓர் இடம் இல்லை. டையட்டுக்கு அந்த இடம் இருந்தது. கறுப்பு இசைக்கலைஞர்களுக்கென்று தனித் தொழிற்சங்கமே இருந்தது. அவர் செய்தது, பள்ளிக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் நின்று, தயாராகாதவனை அங்கே போக விடாதது.

டையட் 1969-ல் இறந்தார். 1972-ல் சிகாகோவின் வாஷிங்டன் பார்க் பகுதியில் ஒரு பள்ளிக்கு அவர் பெயர் வைத்தார்கள். பள்ளி நன்றாக நடக்கவில்லை என்று 2012-ல் நகரக் கல்வி வாரியம் அதைப் படிப்படியாக மூட முடிவெடுத்தது. 2015 கோடையில் கடைசி வகுப்பும் வெளியேறியது. அந்த ஆகஸ்டில் பெற்றோரும் பகுதிவாசிகளுமாகப் பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், 34 நாள். நடுவிலேயே வாரியம் இறங்கி வந்து, கலைப் பள்ளியாகத் திறக்கிறோம் என்றது. டையட் பெயருக்குக் கலைப் பள்ளி பொருத்தம்தானே என்று தூரத்திலிருந்து நாம் சொல்லிவிடலாம். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. அவர்கள் கேட்டது பசுமைத் தொழில்நுட்பம் கற்றுத் தரும் பள்ளி. பிள்ளைகளுக்கு இனி எங்கே வேலை இருக்கும் என்று அவர்கள் ஒரு கணக்கு போட்டிருந்தார்கள்.

2016-ல் கலைப் பள்ளியாகத்தான் திறந்தது.

அன்புடன்.