சிங்கத்துக்கு எட்டு வரிகள்

கேள்வி: கோடை விடுமுறை நாடக முகாம் ஒன்றில் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. பத்து வயதாகும் என் மகளுக்குச் சிங்க வேடம் தந்திருக்கிறார்கள். தேவதைகளின் அரசி வேடம் தோழிக்குப் போய்விட்டதில் அவளுக்கு வருத்தம். உள்ள வசனமும் மனத்தில் நிற்கவில்லை என்கிறாள். வீட்டில் நான் எப்படி உதவலாம்?

பதில்: உங்கள் மகள் நடிக்கப்போவது சிங்கத்தை அன்று, சிங்கமாக நடிக்கத் தெரியாமல் நடிக்கும் ஸ்னக் என்ற தச்சரை. 1595-96 வாக்கில் எழுதப்பட்ட அந்த நாடகத்தில், ஏதென்ஸ் கோமகனின் திருமணத்தன்று நாடகம் போட ஆசைப்படும் தொழிலாளர்களில் அவரும் ஒருவர். தமக்குப் பாடம் ஏற நாளாகும் என்பதால் சிங்கத்தின் வசனத்தை முன்கூட்டியே எழுதித் தரும்படி அவர் கேட்க, வெறும் கர்ஜனைதானே, எழுத என்ன இருக்கிறது என்று பதில் வருகிறது. வசனம் நிற்கவில்லை என்று கவலைப்படும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் எங்கே கிடைக்கும்! கடைசி அங்கத்தில், பெண்கள் பயந்துவிடக்கூடாதே என்று, தாம் தச்சர்தான் என்பதை எட்டே வரிகளில் விளக்கிவிட்டு அவர் கர்ஜிக்கிறார். அந்தத் தொழிலாளர்கள் போடும் நாடகத்தின் காதலி திஸ்பி, மேலாடையை நழுவவிட்டு ஓடுகிறாள். சிங்கத்தின் வாயிலிருந்த இரத்தக் கறை பட்ட அந்த ஆடையைக் கண்ட காதலன் பிரமஸ், அவள் இறந்துவிட்டதாக எண்ணி உயிரை மாய்த்துக்கொள்கிறான். சிங்கம் வராவிட்டால் அவர்களுடைய நாடகமே நகராது. இதை நீங்கள் ஆறுதலாகச் சொன்னால் எடுபடாது. அந்தக் காட்சியை உங்களுக்குக் கதையாகச் சொல்லும்படி அவளையே கேளுங்கள்.

இனி, வசனம். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களுக்குப் பொதுவாக முழுப் பிரதி தரப்படுவதில்லை. தத்தம் வசனமும், அதற்கு முன் பேசுபவர் முடிக்கும் ஓரிரு சொற்களும் எழுதிய தாள் மட்டுமே கையில் இருக்கும். அந்த முடிப்புச் சொற்களைத்தான் நாடகக்காரர்கள் ‘க்யூ’ என்கிறார்கள். இதே நாடகத்தின் ஒத்திகைக் காட்சியில் ஃப்ளூட் என்பவர் க்யூக்களையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் திட்டு வாங்குகிறார். சிறுவர் ஒத்திகைகளில் நான் அடிக்கடி காண்பதும் இதன் தம்பிதான்: பக்கத்துப் பிள்ளை பேசும்போது இந்தப் பிள்ளையின் உதடும் சேர்ந்து முணுமுணுக்கும், கண் மட்டும் எங்கோ இருக்கும். ஆகவே உங்கள் மகளைத் தனியே உட்காரவைத்து எட்டு வரிகளையும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். முந்தைய பாத்திரத்தின் வசனத்தை நீங்கள் படியுங்கள். சில வேளை வேகமாகவும் சில வேளை இழுத்தும் படியுங்கள். க்யூ வந்த பிறகே அவள் வாய் திறக்கட்டும். ஒத்திகையில் எந்த இடத்தில் நிற்கிறாளோ, எப்போது அடி எடுத்து வைக்கிறாளோ, அதையும் வீட்டுக் கூடத்தில் அப்படியே செய்யட்டும். அசைவோடு சேர்ந்த சொல் எளிதில் மறப்பதில்லை. எப்படி நடிப்பது என்பதை மட்டும் நீங்கள் சொல்லித்தர வேண்டாம், அது இயக்குநரின் வேலை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் குழந்தை இரண்டையும் விட்டுவிடும். கர்ஜனையை வீட்டில் ஓரிரு முறைக்கு மேல் முழுக் குரலில் பழகவிடாதீர்கள், தொண்டை கட்டிக்கொள்ளும்.

கேள்வி: நாடகத்தை முகாமில் 40 நிமிடத்துக்குச் சுருக்கியிருக்கிறார்கள். காவிய நாடகத்தில் இப்படிக் கைவைப்பது முறையா?

பதில்: முறைதான். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகமே ஒரே அளவில் அச்சாகவில்லை: அதன் 1604-05 பதிப்பில் உள்ள 200-க்கும் மேற்பட்ட வரிகள் 1623-இல் வந்த அவருடைய நாடகத் தொகுப்பில் இல்லை. ஆனால், வீட்டில் பயிற்சி தரும்போது கடையில் வாங்கிய முழுப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். வரி வெட்டுப்பட்ட இடத்தில் க்யூவும் மாறியிருக்கும். முகாமில் தந்த தாளிலிருந்தே படியுங்கள். இல்லையென்றால் மேடையில் வராத ஒரு சொல்லுக்காக அவள் காத்துக்கொண்டு நிற்பாள்.