மானியம் முடியும் நேரத்தில் எண்ணெய் ஆலை போடலாமா?

கேள்வி: விழுப்புரம் பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 420 உறுப்பினர்கள், தலைக்கு 1,000 ரூபாய் பங்கு. முக்கியப் பயிர் நிலக்கடலை. இப்போதைக்கு உரமும் விதையும் விற்கிறோம். நிர்வாகச் செலவுக்கான அரசு உதவி அடுத்த ஆண்டு முடிகிறது. எண்ணெய் ஆலை போடலாம் என்கிறது இயக்குநர் குழு. ஐந்தாண்டுத் திட்டத்தை எப்படி எழுதுவது?

பதில்: ஆலையை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

2020இல் வந்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் மூன்றாண்டுக்கு 18 லட்சம் வரை கிடைப்பது சி.இ.ஓ., கணக்காளர் சம்பளம், வாடகை போன்றவற்றுக்குத்தான். உதவி நின்றதும் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். மாதம் 45,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 5.4 லட்சம். உரத்தில் 4% லாபம் மிஞ்சினால், இதை ஈடுகட்டவே 1.35 கோடிக்கு விற்றாக வேண்டும். திட்டத்தின் முதல் பக்கத்தில் இந்தக் கணக்கு இருக்கட்டும். தொலைநோக்கு வாசகங்களைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். எழுதாவிட்டாலும் கடன் கொடுப்பவர் கேட்கப்போவதில்லை.

முதலாண்டு வேலை, பங்குத்தொகையை 2,000 ஆக்குவது. அதே திட்டத்தில் உறுப்பினர் போட்ட பங்குக்கு ஈடாகத் தலைக்கு 2,000 வரை (மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல்) மானியம் உண்டு. 8.4 லட்சம் திரட்டினால் இன்னொரு 8.4 லட்சம். நீங்கள் இன்னும் தகுதியோடு இருக்கிறீர்களா என்று உங்கள் சி.பி.பி.ஓ.விடம் (இத்திட்டத்தில் உங்களுக்கு வழிகாட்டும் அமைப்பு) உடனே கேளுங்கள்.

அடுத்தது கொள்முதல். பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு நாளைக்கு ஒரு டன் என்று 250 நாள் ஆலை ஓட 250 டன் காய் வேண்டும். உறுப்பினருக்கு 6 குவிண்டால் வீதம் எல்லோரும் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் பலர் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அவர் எடை போட்ட அன்றே காசும் தருவார். மூன்றில் ஒருவர் மட்டும் உங்களிடம் வந்தால் 84 டன்தான். மெஷின் எட்டு மாதம் சும்மா கிடக்கும், தவணை மட்டும் ஓடும்.

அந்த 84 டன்னையும் கிலோ 60 ரூபாய்க்கு அறுவடையின்போது வாங்கவே 50 லட்சம் கைக்காசு வேண்டும். உங்களிடம் இருப்பது 17 லட்சத்துக்குக் கீழ். ஆகவே முதல் இரண்டு பருவம் வாங்கிய காயை உடனுக்குடன் விற்று, பணத்தைச் சுழற்றுங்கள். விலை ஏறும் என்று நிறுத்திவைக்க நினைத்தால், டபிள்யு.டி.ஆர்.ஏ. (கிடங்குகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு ஆணையம்) பதிவு பெற்ற கிடங்கில் வைத்து, ரசீதின் மீது கடன் வாங்கலாம். காய் 8% ஈரத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு ஏறும், சரக்கு வீணாகிவிடும்.

இரண்டு பருவம் தொடர்ந்து 150 டன் தாண்டினால் ஆலையைப் பேசலாம். 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்பு, அதில் 28 கிலோ போல எண்ணெய். பிண்ணாக்கு விற்பனையையும் சேர்த்தே விலை போடுங்கள்.

ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் மூன்றுக்கும் செலவு ஒதுக்குங்கள். மூன்றாண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் தகுதி இழப்பார்கள். தணிக்கைக் கணக்கு இல்லாமல் நாப்கிசான் போன்ற கடன் நிறுவனங்களை அணுகவும் முடியாது.