பிளெய்ன் சி.டி.யில் கல் இல்லை, வலி மட்டும் இருக்கிறது: மருந்து ஏற்றி மறுபடி எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். முந்தாநாள் இரவிலிருந்து வலது அடிவயிற்றில் வலி. அல்ட்ராசவுண்டில் வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது, குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) தெரியவில்லை என்று எழுதினார்கள். கல்லாக இருக்கும் என்று மருந்து ஏற்றாத பிளெய்ன் சி.டி. எடுத்தோம், கல் இல்லை. இப்போது படம் தெளிவாக வர ஊசியில் மருந்து ஏற்றி இன்னொரு சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். இறால் சாப்பிட்டாலே அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். இரண்டாவது ஸ்கேன் அவசியமா? - வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வலி குறையவில்லை என்றால், அநேகமாக அவசியம்தான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முதல் சி.டி. ஸ்கேனின் படங்கள் பதிந்த சிடி தட்டைக் கேட்டு வாங்குங்கள். ஃபிலிம் போதாது. அதில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். சிடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுப்படங்கள் முழுதாக இருக்கும். அதை ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டரிடம் (ரேடியாலஜிஸ்ட்) கொடுத்து, "இதிலேயே குடல்வால் தெரிகிறதா?" என்று கேளுங்கள். முதல் ஸ்கேன் கல்லைத் தேடி எடுத்தது. தேடியது இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறதே தவிர, வயிற்றில் வேறு கோளாறு இல்லை என்று சொல்லவில்லை.

கல்லுக்கு பிளெய்ன் சி.டி.தான் சரி. எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்கூட அதில் வெள்ளையாகத் தெரியும். மருந்து ஏற்றினால் அது சிறுநீரில் இறங்கி, சிறுநீரும் படத்தில் வெள்ளையாகி, சின்னக் கல்லை மறைத்துவிடலாம். குடல்வால் கதை வேறு. அது பென்சில் கனம்கூட இல்லாத மென்மையான குழாய். சுற்றியுள்ள கொழுப்பு கறுப்பாகத் தெரிவதால்தான் அது தனியே பிரிந்து தெரிகிறது. உங்கள் கணவருக்குக் கொஞ்சம் தொப்பை இருந்தால் பிளெய்ன் படத்திலேயே பார்த்துவிடலாம்: குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேல், சுற்றிலும் கொழுப்பு புகை படிந்ததுபோல் கலங்கல், சில சமயம் உள்ளே கல்போல் இறுகிய ஒரு சிறு மலக்கட்டி. ஒல்லியானவர்களுக்குக் குடலும் குடல்வாலும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போலக் கிடக்கும். அங்கே மருந்து ஏற்றினால்தான் அழற்சி கண்ட சுவர் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

அப்படியானால் சிறுநீரகம் ஏன் வீங்கியது? சின்னக் கல் ஒன்று ஏற்கெனவே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் கல் வெளியேறினால் வலியும் அதோடு அடங்க வேண்டும். அழற்சி கண்ட குடல்வால் சிறுநீர்க்குழாய்மேல் படுத்திருந்தாலும் லேசான வீக்கம் வரும். சிறுநீர்ப் பரிசோதனையில் சிவப்பணுவும் சீழணுவும் கொஞ்சம் தெரியும். "யூரினில் ரத்தம் இருக்கிறது, கல்தான்" என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது. வலியின் போக்கையும் கவனியுங்கள். கல் வலிக்காரர் ஒரு நிலையில் படுக்க முடியாமல் புரளுவார். வலி விலாவிலிருந்து தொடைச்சந்துக்கு இறங்கும். குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது கீழ்ப்பக்கம் நகரும். அசையாமல் படுத்திருப்பார், ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கினால் துடித்துப்போவார். மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டுக்குச் சமமான தகவல் இது.

மருந்து ஏற்றி எடுப்பதில் இன்னொரு பலனும் உண்டு. குடல்வாலைப் போலவே வலிக்கும் வேறு சிலவும் வெளிப்படும். நம் ஊரில் மறக்கக் கூடாதது குடல் காசநோய்: சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம் தடித்து, பக்கத்து நெறிக்கட்டிகள் நடுவில் கறுத்துத் தெரியும். அது சந்தேகத்தை எழுப்பும் அவ்வளவுதான். கொலோனோஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) சதை எடுத்துப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பெருங்குடலோடு ஒட்டித் தொங்கும் கொழுப்புத் துணுக்கு முறுக்கிக்கொண்டாலும் இதே வலி வரும். அதற்கு ஆபரேஷன் வேண்டாம், வலி மருந்திலேயே ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்திருந்தால் பிளெய்னில் தெரியாமலே போகலாம். அறுபது தாண்டிய, புகைப்பழக்கம் உள்ளவருக்கு முதன்முறையாக "கல் வலி" வந்தால், வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இறால் விஷயத்தில் பயம் வேண்டாம். இறாலில் ஒவ்வாமை தருவது அதன் புரதம். ஸ்கேன் மருந்தில் உள்ள அயோடினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் தடிப்பு வரும் உடம்பு என்று டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். முன்பு எப்போதாவது இதே ஸ்கேன் மருந்துக்கு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் அதுதான் பெரிய எச்சரிக்கை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் மருந்து ஏற்ற வேண்டாம். அதிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே இருந்தால் மருந்து தேவைதானா என்று மறுபடி யோசிப்பார்கள். அப்படி இருந்தும் ஏற்றினால் மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தி, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடர்வார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் சில மையங்களில் நிறுத்தச் சொல்வார்கள், அதனால் கெடுதல் இல்லை. மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஊசி போட்ட இடம் வீங்கி எரிந்தால் மட்டும் உடனே குரல் கொடுக்கச் சொல்லுங்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம்.

கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம். ஒரு வயிற்று சி.டி.யில் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சின் அளவு). இயற்கையாக நமக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது சுமார் 3. அதனால் இந்த முறை மறுபடி பிளெய்னும் சேர்த்து மூன்று கட்டமாக எடுக்க வேண்டாம், மருந்து ஏற்றி சுமார் 70 நொடியில் எடுக்கும் ஒரே கட்டம் போதுமா என்று கேளுங்கள். குடல்வாலுக்குப் பெரும்பாலும் அது போதும். (கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், போதாவிட்டால் முடிந்தவரை எம்.ஆர்.ஐ.)

ஸ்கேனுக்கு மருத்துவர் தரும் சீட்டில் "வயிற்று வலி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் திரும்பவும் அரைகுறைப் பதில்தான் வரும். "வலது அடிவயிற்று வலி, மூன்றாம் நாள், பிளெய்னில் கல் இல்லை, குடல்வால் சந்தேகம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதுவரை விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்காதீர்கள், எனிமாவும் வேண்டாம். ஆபரேஷன் ஆகலாம் என்பதால் சாப்பாடு நிறுத்திவைத்திருந்தால், சர்க்கரை மாத்திரையைத் தானாகப் போடாமல் கேட்டுப் போடச் சொல்லுங்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ, வலி சட்டென்று விட்டு சில மணி நேரத்தில் வயிறு முழுக்கப் பரவினாலோ ஸ்கேன் மைய வரிசையில் நிற்க வேண்டாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்கோ, எது சீக்கிரம் போய்ச்சேரும் தூரமோ அங்கே நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் ஸ்கேன் சிடியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.